ஐந்தைந்தாக இறங்கிய தண்ணீர்

மூன்று அடித்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. நாலு மணிக்கு இன்னும் ஐம்பத்து மூன்று நிமிஷம் என்று ஆவுடையப்பன் கணக்குப் போட்டார். தண்ணீர் கொதிக்க எட்டு நிமிஷம், அது ஆற இருபது, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ ஒன்று. மீதி இருபத்து நான்கு நிமிஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அதற்குள்ளே கட்டிலில் அவர் மனைவி உலகம்மாள் படுத்திருக்கிறாள், தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று மின்விசிறிச் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் புற்றுக்காக வலதுபக்க மார்பை எடுத்து, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்குளுக்குக் கீழே ஒரு குழாய், குழாயின் முனையில் அமுக்கினால் சுருங்குகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் புட்டி. உள்ளே ஊறுகிற நீர் அதில் வந்து சேரும். தினமும் நாலு மணிக்கு அதைக் கிண்ணத்தில் ஊற்றி அளந்து எழுத வேண்டும். முப்பது மில்லிக்குக் கீழே இரண்டு நாள் சேர்ந்தாற்போல இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்பது நாளாக உலகம்மாளின் தம்பி பெண்டாட்டி சண்முகக்கனிதான் அதைச் செய்தாள். இன்று காலையில் தென்காசியிலிருந்து போன், மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று. ஏழு மணி பஸ்ஸில் போய்விட்டாள். போகும்போது, கொதிக்க வைத்து ஆறின தண்ணீர், பஞ்சு, கிளிப்பைப் போட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்கணும் அண்ணாச்சி, என்று எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தபின் ஒரு கணம் நின்று, வேறு எதையோ சொல்ல வந்தவள் போல உள்ளறைப் பக்கம் பார்த்தாள், பிறகு பையை எடுத்துக்கொண்டாள். அவள் தெருமுனை திரும்பியதும் உலகம்மாள் உள்ளேயிருந்து, "நாலு மணிக்கு ஜெபமணி டீச்சரைக் கூப்பிட்டுருங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா" என்றாள். அவர் சரி என்றார். அடுத்த வீடுதான். பதினாறு எட்டு வைத்தால் டீச்சர் வீட்டு கேட்.

மடியிலிருந்த நோட்டைப் பிரித்தார். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. தேதி, மணி, மில்லி என்று மூன்று பத்தி. நூற்று நாற்பது, தொண்ணூறு, எண்பத்தைந்து, எண்பது, எழுபத்தைந்து, எழுபது, அறுபத்தைந்து, அறுபது, ஐம்பத்தைந்து. மனப்பாடமாகவே இருந்தது, ஆனாலும் பார்த்தார். கனி உள்ளே அளந்து கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணைச் சொல்வாள், அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். இறங்கிக்கொண்டு வருகிறது, சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தைந்தாக இறங்குகிறது. அதுதான் முள் மாதிரி உறுத்தியது. முப்பத்தோரு வருஷம் அணையில் லஸ்கராக இருந்தவர் அவர். மதகைத் திறப்பது, அடைப்பது, காலை எட்டு மணிக்கு நீர்மட்டம் பார்ப்பது, மழைமானிக் கண்ணாடியில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான், ஆனால் அவர் எழுதின அளவை எந்த இன்ஜினியரும் திரும்பப் பார்த்ததில்லை. தண்ணீர் இப்படி இறங்காது. ஒருநாள் நாலு இறங்கும், ஒருநாள் பதினொன்று, ஒருநாள் எங்கேயோ மலைக்குள் பெய்த மழைக்கு ஒன்று ஏறி நிற்கும். படிக்கட்டில் இறங்குகிற மாதிரி எண்ணி எண்ணி இறங்கும் தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை. கனிக்கு அளக்கத் தெரியவில்லை. ஓரத்தில் ஏறி ஒட்டியிருக்கிற நீரைப் பார்க்கிறாள், நடுவில் குழிந்து நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும், கண்ணைக் கிண்ணத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறாம் நாள் இதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லவும் செய்தார். உள்ளே இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு கனி, சரி அண்ணாச்சி குனிஞ்சே பாக்கேன், என்றாள். அன்றைக்கும் ஐந்துதான் இறங்கியிருந்தது.

எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை வைத்தார். மணி மூன்று பதினொன்று. அடுக்களைச் சுவரில் தினசரிக் காலண்டர், அதன் பக்கத்தில் ஆணியில் ஒரு கிளிப். தினமும் காலையில் பல் தேய்த்ததும் நேற்றைய தாளைக் கிழித்து அதில் செருகுவார், பின்புறம் வெள்ளையாக இருக்கும், சாமான் எழுத ஆகும். அதிலும் ஒரு கணக்குத் தப்பிக்கொண்டிருந்தது. எட்டு தாளைக் காணோம். காலையில் செருகினது சாயங்காலம் இல்லை. இன்று காலையில் கிழித்த புதன்கிழமை மட்டும் இருக்கிறது. கனி எதையோ துடைத்துப் போடுகிறாள் போல என்று விட்டுவிட்டார், கேட்கவில்லை, ஒரு காகிதத்துக்குப் போய் வந்தவளிடம் கேட்பதா. ஆனால் எட்டு. எட்டு தாள், ஐந்தைந்து மில்லி. இந்த இரண்டையும் மனசு மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தது, பல் விழுந்த இடத்தை நாக்கு தொடுகிற மாதிரி. தண்ணீரில் முதல் குமிழி வந்தது. ஆஸ்பத்திரியில் எதிர் அறையில் இருந்த கடையநல்லூர்க்காரியின் ஞாபகம் வந்தது. புருஷனுக்கு வாயில் புற்று, மூக்கு வழியாகக் குழாய், பதினோரு மாசமாக அவள்தான் கஞ்சியும் பாலும் அதில் ஊற்றுகிறாள், அவன் கட்டிலுக்குக் கீழேயே தரையில் படுத்துக்கொள்வாள். ஒருநாள் வராந்தாவில் இருவரும் டீ குடிக்கும்போது, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி ஊற்றுவீங்க என்று கேட்டார். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. "அவுக கண்ணை மூடுற வரைக்கும் ஊத்துவேன். வயிறு நெறஞ்சா கண்ணை மூடுவாக" என்றாள். அது ஒரு கணக்கா என்று அப்போது நினைத்தார். அந்தப் பெண்ணை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை, புருஷனின் அக்கா வந்தால் படுக்கை விரிப்பு கசங்கியிருக்கிறது என்று ஏசிவிட்டுப் போவாள். அவருக்கோ வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள், அண்ணாச்சி மாதிரி யார் பொண்டாட்டியைப் பார்ப்பா, மாத்திரையை மணிப்பிரகாரம் குடுக்காரே, உலகம்மா குடுத்து வச்சவ. கடையநல்லூர்க்காரியே சொன்னாள். அவருக்கு அது இனிக்கத்தான் செய்தது. மறைக்கிறதுக்கு என்ன இருக்கிறது, இனித்தது. மாத்திரை கொடுத்தார், நோட்டில் எழுதினார், கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

கதவுக்கு வெளியே. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோதும் அப்படித்தான், ஆம்பளையாள் வெளியே நில்லுங்க என்று நர்ஸ் சொன்னதும் நின்றுவிட்டார். கனி உள்ளே போனாள். நோட்டை டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். திரும்பி வந்தபோது அது கொடுத்த மாதிரியே பையில் இருந்தது, ஒரு டிக்கோ கையெழுத்தோ கிடையாது. குழாய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு சொல்லிட்டார், என்று மட்டும் கனி சொன்னாள். பெரிய கட்டுத்துணியைப் பிரித்து எடுத்துவிட்டார்களாம். உலகம்மாள் ஆட்டோவில் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மகன் சங்கரபாண்டி ஓசூரிலிருந்து தினமும் காலை எட்டரைக்குப் பேசுவான். இன்றைக்குக் கனி போய்விட்டது தெரிந்ததும், "ரேவதியை அனுப்பட்டுமாப்பா" என்றான். மருமகளுக்கும் வேலை இருக்கிறது, இரண்டு பிள்ளை. நான் வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. அந்தக் கேள்வி ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. ஆவுடையப்பனுக்கு முதலில் கோபம் வரப்பார்த்தது, பிறகு வரவில்லை. அவருடைய அம்மா படுக்கையில் விழுந்த ஏழு மாசமும் அவர் என்ன செய்தார். உலகம்மாவை அனுப்பி வச்சிருக்கேன் என்று அண்ணனுக்குக் கார்டு எழுதினார். காலையில் எட்டு மணிக்கு நீர்மட்டம் பார்த்தார். பையன் வேறு யாரிடம் படிப்பான்.

மூன்று பத்தொன்பதுக்குத் தண்ணீர் கொதித்தது. இறக்கி மூடி வைத்தார். இனி இருபது நிமிஷம். எல்லாக் கணக்கும் போட்டாயிற்று, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் எண் இல்லை. அவளைப் பார்க்க வேண்டும். சேலையை விலக்க வேண்டும். நாற்பத்தோரு வருஷத்தில் அவளை அவர் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. அவளும் காட்டினதில்லை, அவரும் கேட்டதில்லை, குவார்ட்டர்ஸில் நாற்பது வாட் பல்பு ஒன்று இருந்தது, அதை அணைத்த பிறகுதான் எல்லாம். பையனுக்குப் பால் கொடுக்கும்போதுகூட அவர் வந்தால் முந்தானை இறங்கிவிடும். இப்போது அது இல்லாமல் போன பிறகு, தையல் போட்டு, குழாய் தொங்கி, நட்டநடுப் பகலில். அதனால்தான் அவள் டீச்சரைச் சொல்கிறாள். கூச்சம். பெண்ணுக்குப் பெண் என்றால் பரவாயில்லை. நியாயம்தானே என்று நினைத்தார், நினைத்ததும் உள்ளே ஏதோ லேசானது, அந்த லேசானதைக் கண்டு வெட்கப்பட்டார். கூச்சம் அவளுக்கா உனக்கா. உனக்குப் பயம். டைபாய்டு வந்து இருபத்தொரு நாள் நீ கிடந்தாயே, பையனுக்கு மூன்று வயசு, அப்போது அவள் யாரைக் கூப்பிட்டாள். துணியில்லாமல் கிடந்தவனைத் துடைத்தாள், சட்டியை எடுத்துக் கொட்டினாள், கழுவினாள். நோட்டு இல்லை, தெர்மாமீட்டர்கூட டிஸ்பென்சரிக்காரர் கொண்டுவந்தால்தான். புறங்கையை நெற்றியில் வைப்பாள், வைத்துவிட்டு, இறங்கிட்டு, நல்லா இறங்கிட்டு, தூங்குங்க, என்பாள். அவர் தூங்கிவிடுவார். அந்த இருபத்தொரு நாளில் அவள் சாப்பிட்டாளா என்று நினைத்துப் பார்க்க முயன்றார். தட்டோடு அவள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு ஞாபகமும் வரவில்லை. எத்தனையோ எண்கள் அவர் தலைக்குள் இருந்தன, தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் நீர்மட்டம் எத்தனை அடி, எந்த மதகு எத்தனை அங்குலம். இது இல்லை.

டீச்சர் வீட்டு கேட் கிரீச்சிட்டது. மூன்று நாற்பத்திரண்டு. வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுகிற சத்தம், குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் எல்லாம் கேட்டது. பதினாறு எட்டு. ஆவுடையப்பன் எழுந்து நின்றார். வாசல் பக்கம் ஒரு எட்டு வைத்தார், கால் தானாகப் போனதுதான். பிறகு அங்கேயே நின்றுகொண்டு, டீச்சரிடம் என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தார். என் பெண்டாட்டிக்குப் புட்டியை ஊற்றி அளக்க ஆளில்லை, கொஞ்சம் வருகிறீர்களா. ஆளில்லை. அந்த வார்த்தை வாய்க்குள் கல் மாதிரி கிடந்தது. வீட்டில் ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கிறது, ஐந்தடி ஆறங்குலம். திரும்பி அடுக்களைக்குப் போய்க் கையைக் கழுவினார். அறுபது எண்ண வேண்டும். நூற்று இருபது எண்ணினார்.

நாலு மணிக்குக் கதவைத் தள்ளியபோது அவள் விழித்துத்தான் இருந்தாள். அவர் கையில் கிண்ணத்தையும் பஞ்சையும் பார்த்தாள், அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். டீச்சர் வரலையா என்று கேட்டாள். நான் கூப்பிடலை என்றார். "வேண்டாங்க. நீங்க பாக்க வேண்டாம்" என்றாள். அவளுடைய குரல் அப்படி இருந்து அவர் கேட்டதில்லை, கெஞ்சுகிற மாதிரி. மணி நாலாச்சு, என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது. அவள் கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வலது கையை லேசாக நகர்த்தினாள். அவர் சேலையை விலக்கினார். மெல்லிய துணியை எடுத்தார். இவ்வளவுதானா என்றிருந்தது முதலில். எத்தனை நாளாக மனசுக்குள் என்னென்னவோ வரைந்து வைத்திருந்தார். ஒரு கோடு, சாய்வாக, நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை, தையல் இருபத்து மூன்று, எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண்ணுடைய நெஞ்சு மாதிரி தட்டையாக இருந்தது. தோலுக்கு அடியில் துடிப்பு தெரிந்தது. அது மேடாக இருந்த காலத்தில் இந்தத் துடிப்பை அவர் பார்த்திருக்க முடியாது. பஞ்சை நனைத்துக் குழாயைச் சுற்றித் துடைத்தார். அவள் உடம்பு சிலிர்த்தது. வலிக்குதா என்று கேட்டார். தண்ணி ஜில்லுனு இருக்கு, என்றாள் சுவரைப் பார்த்து. கிளிப்பைப் போட்டு, மூடியைத் திறந்து, புட்டியைக் கிண்ணத்தில் சாய்த்தார். நன்னாரி சர்பத் நிறத்தில் இறங்கியது. புட்டியை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினார், கிளிப்பை எடுத்தார். கிண்ணத்தைச் சன்னல் விளிம்பில் சமமாக வைத்து, கட்டிலோரம் மண்டி போட்டு, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோனார். நடுவில் குழிந்த இடத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நேற்று ஐம்பத்தைந்து. இன்று நூற்றுப் பத்து. ஒரே நாளில் இரட்டிப்பு, மலைக்குள் எங்கே மழை பெய்தது, டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும், ஆட்டோ, திருநெல்வேலி. வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"அம்பதுன்னு எழுதிக்கிடுங்க."

அவர் மண்டி போட்டபடியே இருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஐந்தைந்தாக இறங்கிய அத்தனை படிகளும் அவருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கனிக்கு அளக்கத் தெரியும். கனி நன்றாகக் குனிந்துதான் பார்த்திருக்கிறாள். ஏன் என்று கேட்டார், கேட்டது அவருக்கே சரியாகக் காதில் விழவில்லை. "மொத நாள் நூத்தி நாப்பதுன்னு சொன்னோம்லா. அன்னைக்கு ராத்திரி பதினாலு தடவ எந்திரிச்சு வந்தீங்க. மூக்குக்கிட்ட கைய வச்சு மூச்சு வருதான்னு பாத்தீங்க. நானும் தூங்குற மாதிரியே எம்புட்டு நேரம் கெடக்கது" என்றாள். பதினாலு. அவரே எண்ணாததை அவள் எண்ணியிருக்கிறாள். மறுநாள் கனியிடம் அவள்தான் சொன்னாளாம், மனுஷன் எண்ணைப் பார்த்தே செத்துருவார், கொஞ்சங்கொஞ்சமா எறக்கிச் சொல்லு என்று. அவருக்கு டாக்டரின் ஞாபகம் வந்தது. டாக்டர் தப்பான அளவை வைத்துக்கொண்டு குழாயை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வாயெடுத்தார். அவள் இடது கையால் தலையணைக்கடியில் துழாவினாள். எட்டு தாள், நாலாக மடித்து. கிழமை, ராகுகாலம், நல்ல நேரம். திருப்பினால் பின்னால் வெள்ளையில், வலது கையைத் தூக்க முடியாதவள் இடது கையால் எழுதின எண்கள், கோழி கிளறின மாதிரி. நூற்றைம்பது, நூற்று முப்பத்தைந்து, நூற்று நாற்பது, நூற்று இருபது, நூற்று முப்பது, நூற்றுப் பதினைந்து, நூற்று இருபது, நூற்றைந்து. ஏறியும் இறங்கியும் கிடந்தன. தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தன. ஐந்தாம் நாள் டாக்டர் இதில் அதுவரை எழுதினதைத்தான் பார்த்தாராம், சிலருக்கு மெதுவாத்தான் வத்தும், பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னாராம். அவருடைய நோட்டில் எழுதினது போலவே தேதியும் மணியும்கூட மூலையில் போட்டிருந்தாள். அவள் அவரைப் பார்த்துப் பழகினது. இறங்கிட்டு, நல்லா இறங்கிட்டு, தூங்குங்க. அந்த இருபத்தொரு நாளிலும் ஜுரம் எப்போதெல்லாம் இறங்கவில்லை, அதை அவள் எந்தத் தாளில் எழுதி எந்தத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள் என்று கேட்கலாம்தான். கேட்டால் ஞாபகமில்லை என்பாள். அவர் துணியை எடுத்துத் தையலின் மேல் வைத்தார், சேலையை ஏற்றிவிட்டார், விரலை உடனே எடுக்காமல் அந்தத் துடிப்பின் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பன்னிரண்டில் விட்டுவிட்டார். முகத்தை அவள் இப்போது இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். "டீச்சரா இருந்தா அம்பதுன்னு சொல்லச் சொல்லியிருப்பேன். ஒங்ககிட்ட என்ன செய்ய" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

நோட்டில் எதையும் அடிக்கவில்லை. அந்த எட்டு பொய்யும் அவர் கையெழுத்தில் நேராக, அழகாக, அப்படியே இருக்கட்டும் என்று மூடி வைத்தார். அடுக்களைக்குப் போய்க் கிண்ணத்தைக் கழுவிவிட்டுக் காலண்டர் முன்னால் நின்றார். கிளிப்பில் புதன்கிழமை இருந்தது, பின்புறம் வெள்ளை. ஆனால் அளவு வியாழக்கிழமையினுடையது. எட்டு நாளும் அவர் கிழித்துச் செருகின தாள் கிடைத்தால்தானே அவள் எழுத முடியும், அதனால் எல்லாம் ஒரு நாள் பின்னால் கிடக்கிற தாள்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தேதியின் அளவை இன்னொரு தேதியின் தாளில் அவர் எழுதினதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, வெயில் இன்னும் முற்றத்தில் இருக்கும்போதே, வியாழக்கிழமையைக் கிழித்தார். பின்னால் மணியையும் நூற்றுப் பத்தையும் எழுதிக் கொண்டுபோய் அவள் இடது கையில் கொடுத்தார். அவள் திருப்பித் தேதியைப் பார்த்தாள். இன்னும் நாள் முடியலையே, கிழிச்சுட்டீங்களே, என்றாள். எட்டோடு ஒன்பதாக மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். "ராத்திரி எந்திரிச்சு வருவீங்களா" என்று கேட்டாள். வருவேன் என்றார், பொய் சொல்லத் தெரியவில்லை. "அப்பம் கட்டிலுக்குக் கீழயே பாய விரிச்சுக்கிடுங்க. நீங்க நடந்து நடந்து வார சத்தத்துலதான் எனக்கு முழிப்புத் தட்டுது" என்றாள். அவர் பாயை எடுக்கப் போனார். மணி நாலரைகூட ஆகவில்லை. சுவரில் அதற்குள் வெள்ளிக்கிழமை வந்து நின்றது.